இதயத்துக்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அது ரத்தத்தை எப்படித் தள்ளவைக்கிறது?

மூளையிலிருந்து வருவதில்லை, இதயமே அதை உண்டாக்கிக்கொள்கிறது. மாற்று அறுவைச் சிகிச்சையில் நரம்புகள் அறுபட்ட இதயம், புதிய உடலில் தானாகவே நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கிறது. அந்த வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டுவதும் குறைப்பதுமே நரம்புகளின் வேலை.

வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தருகே, சைனஸ் கணு என்ற சிறு திசு உள்ளது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அதன் செல்களுக்குள் சோடியம், கால்சியம் அயனிகள் மெல்லக் கசிவதால் மின்னழுத்தம் தானாக ஏறி, ஓர் எல்லையைத் தொட்டதும் மின் அலை கிளம்புகிறது. அது பரவியதும் மேலறைகள் சுருங்கி, ரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ளுகின்றன.

அடுத்து நிகழும் தாமதத்தைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத நார்த்திசு இருப்பதால், மின் அலைக்கு, அந்த எல்லையில் உள்ள ஏ.வி. கணு என்ற சிறு திசு ஒன்றே வழி. அங்கே அது சுமார் 0.1 விநாடி தயங்குகிறது. அந்தத் தயக்கம் இல்லாவிட்டால் கீழறைகள் நிரம்புமுன்பே சுருங்கிவிடும். இந்தக் கணுவிலிருந்து கீழே செல்லும் பாதை முழுவதையும், ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆய்வு செய்த ஜப்பானியர் சுனாவோ தவாரா 1906இல் விளக்கினார். கணுவைத் தாண்டிய மின் அலை, ஹிஸ் கற்றை என்ற கடத்தும் இழைக்கற்றை வழியாக, கீழறைச் சுவர்களில் பரவியுள்ள பர்கின்ஜி இழைகளில் விநாடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. கீழறைகள் நுனிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுருங்குகின்றன. ரத்தம் வெளியேறும் வாயில்கள் மேலே இருப்பதால் இந்த வரிசை அவசியமாகிறது.

என் அம்மா ஒருநாள் சமையலறையில் மயங்கி விழுந்தபோது நாடித்துடிப்பு 36ஆக இருந்தது. ஈசிஜி தாளில் மேலறைகளின் சிறு அலைகள் ஒரு கணக்கிலும், கீழறைகளின் பெரிய அலைகள் வேறு கணக்கிலும் தொடர்பின்றி ஓடியதை மருத்துவர் விரல்வைத்துக் காட்டினார். மேலறைகளிலிருந்து மின் அலை இறங்கும் வழி முற்றிலும் அடைபட்டதால், கீழறைகள் தமக்கே உரிய மெதுவான துடிப்பால் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. இப்போது அவருடைய காறை எலும்பின் கீழே ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. அதன் ஒரு கம்பி மேலறையின் துடிப்பை உணர்கிறது; மற்றொன்று கீழறையைத் தூண்டுகிறது. உணர்ந்த உடனேயே அது தூண்டுவதில்லை; 0.16 விநாடி பொறுத்திருக்கும்படி மருத்துவர் அதை அமைத்திருக்கிறார்.