31-ஆம் நாளின் காகிதம் எங்கே?

கேள்வி: தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் தங்கைக்கு 26 வயது. ஆண் குழந்தை பிறந்த மூன்றாவது வாரத்தில் தூக்கம் கெட்டு, தனக்குத்தானே பேசத் தொடங்கினாள். மாப்பிள்ளை வீட்டார் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மதுரையில் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். 43 நாளாகிறது. எங்களை வார்டுக்குள் விடுவதில்லை, நோயைப் பற்றியும் சொல்வதில்லை. குழந்தையும் 30 பவுன் நகையும் மாமியாரிடம். இடையில் ஒரு நாள், நகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அவளிடம் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இப்போது விவாகரத்து கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்துள்ளது. அவளுக்கு ஒன்றுமே இல்லை, பைத்தியப் பட்டம் கட்டுகிறார்கள். ஆட்கொணர்வு மனுப் போட்டு வெளியே கொண்டுவந்து, ஏர்வாடி தர்காவில் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கலாம் என்கிறார் அம்மா. பன்னிரண்டாம் வகுப்பில் ஒருமுறை இப்படி வந்தபோது அங்கேதான் சரியானது. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: அப்பா வள்ளத்தை விற்றுச் சீர் செய்ததையும், வளைகாப்பில் சம்பந்தி வீட்டார் அவமதித்ததையும் நீங்கள் விரிவாக எழுதியிருந்தீர்கள். உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அவற்றில் எதுவும் இந்த வழக்கின் போக்கை மாற்றாது. உங்களிடம் சொல்லாமல் சேர்த்ததும் சட்டப்படி குற்றம் ஆகாது. முடிவு செய்யப்போவது ஒரே ஒரு செய்திதான்: உங்கள் தங்கை எந்தப் பிரிவின் கீழ் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டார், 30 நாள் கடந்த பிறகு எந்தக் காகிதத்தின் பலத்தில் அங்கே இருக்கிறார்?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. அவரே சம்மதித்துக் கையெழுத்திட்டுச் சேர்ந்திருந்தால் 86-ஆம் பிரிவு. அப்படியானால் எத்தனை நாளானாலும் அவர் தன் விருப்பத்தில் இருக்கிறார் என்று பொருள். போகிறேன் என்று அவர் கேட்டால், பரிசோதனைக்காக அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம், அதற்கு மேல் கூடாது. கணவர் நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை முடிவுகளில் நோயாளிக்குத் துணை நிற்கச் சட்டம் ஏற்கும் நபராக, இருந்து விண்ணப்பித்துச் சேர்த்திருந்தால் 89-ஆம் பிரிவு. ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மருத்துவரோ மனநலத் தொழில் வல்லுநரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். பெண் என்பதால் மூன்று நாளுக்குள் இத்தகைய சேர்க்கைகளைச் சரிபார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். அந்தச் சேர்க்கை 30 நாளோடு முடிந்துவிடும். அதற்கு மேல் வைத்திருக்க 90-ஆம் பிரிவின்படி இரண்டு மனநல மருத்துவர்களின் தனித்தனிச் சான்றும் வாரியத்தின் ஆய்வும் கட்டாயம். நீங்கள் சொல்லும் 43 நாளில் அந்த 31-ஆம் நாளின் காகிதம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 89-ஆம் பிரிவில் சேர்த்திருந்து அது இல்லையென்றால் உங்கள் தங்கை அங்கே சட்டவிரோதமாக வைக்கப்பட்டிருக்கிறார். இருந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீங்கள் போடும் ஆட்கொணர்வு மனு முதல் விசாரணையிலேயே நின்றுவிடும்.

மருத்துவமனை உங்களிடம் நோயைப் பற்றிச் சொல்ல மறுப்பதைக் குற்றமாகக் கருதாதீர்கள். 23-ஆம் பிரிவு அவர்களுக்கு விதிக்கும் கடமை அது. நோயாளியும் நியமனப் பிரதிநிதியும்தான் கேட்கும் உரிமை பெற்றவர்கள். அண்ணன் என்ற உறவு மட்டும் போதாது. ஆனால் பார்க்க வருபவர்களையும் தொலைபேசி அழைப்பையும் ஏற்கவோ மறுக்கவோ உள்ள உரிமை நோயாளியுடையது, கணவருடையது அன்று. எனவே "எங்களை விடுங்கள்" என்று வாசலில் சண்டையிடுவதைவிட, "தங்கையிடம் கேட்டு அவருடைய பதிலை எழுத்தில் தாருங்கள்" என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் வரவு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி நான் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். இத்தகைய வழக்குகளில் குடும்பங்கள் தோற்பது எதிராளியின் வாதத்தால் அன்று, தங்களுடைய பிரமாணப் பத்திரங்களால்தான். உங்கள் கடிதத்திலேயே அது தொடங்கிவிட்டது. "அவளுக்கு ஒன்றுமே இல்லை" என்கிறீர்கள். நான்கு வரி தள்ளி, பன்னிரண்டாம் வகுப்பில் ஒருமுறை வந்தது என்கிறீர்கள். ஆட்கொணர்வு மனுவில் அவர் முழு நலத்துடன் இருக்கிறார் என்று சத்தியம் செய்தால், வார்டில் இருந்தபோது போட்ட முத்திரைத்தாள் கையெழுத்தும் முழு நலத்துடன் போட்டதாகிவிடும். 30 பவுனும் அந்த வரியில் போய்விடும். மாறாக, நகைக்காகக் குடும்ப நல நீதிமன்றத்தில் அவருக்குச் சுயநினைவே இல்லை என்று எழுதினால், இந்துத் திருமணச் சட்டம் 13(1)(iii)-இன் கீழ் மனநோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் கணவருக்கு அதுவே முதல் சான்றாவணம் ஆகும். பழைய நிகழ்வைக் கோபத்தில் காவல் நிலைய மனுவில் சேர்த்தால், திருமணத்துக்கு முன்பே இருந்த நோயை மறைத்தார்கள் என்று திருமணத்தையே ரத்து செய்யக் கேட்பார்கள். ஒரே கட்சிக்காரர் இரண்டு நீதிமன்றங்களில் தாக்கல் செய்த இரண்டு பிரமாணப் பத்திரங்களை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் பக்கத்தில் பக்கமாக வைத்து, அடிக்கோடிட்ட வரிகளை அவர் வாயாலேயே படிக்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அந்த வழக்கில் மிச்சம் ஏதும் இருக்காது. நடுவில் நசுங்குவது ஒரு கைக்குழந்தையின் தாய்.

ஆகவே அவர் நலம் என்றோ நலமில்லை என்றோ நீங்கள் எங்கும் எழுத வேண்டாம். அதை மருத்துவமனைப் பதிவேடு சொல்லட்டும். 89-ஆம் பிரிவில் சேர்த்திருந்தால், முடிவெடுக்கும் திறனை ஏழு நாளுக்கு ஒருமுறை பரிசோதித்துப் பதிந்திருக்க வேண்டும். முத்திரைத்தாளின் தேதியை அந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் திறன் சிகிச்சையைப் பற்றியது, சொத்தைப் பற்றியது அன்று என்று அவர்கள் வாதிடலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் தன் சிகிச்சைக்கே சம்மதம் தர இயலாதவர் என்று சொல்லிச் சேர்த்த கணவர், அதே வாரத்தில் அவரிடம் நகை ரசீது வாங்கியதை எந்த நீதிபதியிடமும் எளிதில் விளக்கிவிட முடியாது.

மறைக்கச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய நிகழ்வைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள். மருந்தும் அடுத்த பிரசவத்தின் பாதுகாப்பும் அதைப் பொறுத்தவை. வழக்கறிஞரிடமும் சொல்லுங்கள். நீதிமன்றம் கேட்டால் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். பிரசவத்துக்குப் பின் முதல் சில வாரங்களில் வரும் இந்த நோய் உரிய சிகிச்சையில் பெரும்பாலும் குணமாகக் கூடியது. நோயின் பெயர் மட்டும் விவாகரத்துக்குப் போதாது, சேர்ந்து வாழவே இயலாத அளவுக்கு அதன் தன்மையும் தீவிரமும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-இலேயே ராம் நாராயண் குப்தா வழக்கில் தெளிவுபடுத்தியிருக்கிறது. உண்மை உங்கள் பக்கம்தான் இருக்கிறது. அதைப் பொய்யோடு கலக்காதீர்கள்.

அடுத்தது ஏர்வாடி. அம்மாவின் நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை. தர்காவிலேயே அரசு மருத்துவர்கள் மருந்து தரும் தவா–துவா (மருந்தும் பிரார்த்தனையும்) ஏற்பாடும் வந்தது. ஆனால் பாதிச் சிகிச்சையில், மருத்துவர் அறிவுரையை மீறி அழைத்துச் செல்வதாக எழுதிக் கொடுத்து, மருந்தை நிறுத்தி, அவரைப் பதிவில்லாத ஒரு விடுதியில் வைத்தீர்கள் என்றால் குழந்தையை அவரிடம் ஒப்படைக்க எந்த நீதிமன்றமும் தயங்கும். சங்கிலியை எந்த வடிவிலும் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஏர்வாடியில் தீயில் 28 உயிர்கள் போனது அவர்களால் ஓட முடியாமல் பிணைத்திருந்ததால்தான். நம் கரையில் இதை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

குழந்தை விஷயத்தில் சட்டம் உங்கள் தங்கைக்கு வலுவாகவே நிற்கிறது. உள்நோயாளியாக இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 21-ஆம் பிரிவு. ஆபத்து உண்டு என்று மனநல மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் கண்காணிப்பில் தாய் குழந்தையைப் பார்க்க விட வேண்டும், 15 நாளுக்கு ஒருமுறை அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும், தொடர்ந்து 30 நாளுக்கு மேல் போனால் மனநல ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். மாமியார் எடுத்துவைத்துக்கொள்வதற்கு இதில் இடமில்லை. தாயையும் சேயையும் ஒன்றாகவே உள்நோயாளிகளாக வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் 2009 முதல் இயங்குகிறது; அங்கே மாற்றக் கேட்பதும் ஒரு வழி.

எல்லாவற்றுக்கும் திறவுகோல் நியமனப் பிரதிநிதி யார் என்பது. உங்கள் தங்கை ஒரு வெள்ளைத்தாளில் அம்மாவைப் பிரதிநிதியாக நியமிப்பதாக எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். பத்திரப் பதிவு எதுவும் தேவையில்லை. கணவரையே முன்பு நியமித்திருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அன்றிலிருந்து பதிவேடுகளைக் கேட்கும் உரிமையும் வாரியத்தில் மனுச் செய்யும் உரிமையும் அம்மாவுக்கு வந்துவிடும். 89-ஆம் பிரிவுச் சேர்க்கையை எதிர்க்கும் மனு என்றால் ஏழு நாளிலும், 90 என்றால் 21 நாளிலும் வாரியம் முடிவு சொல்ல வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரைக் கட்டணமின்றித் தரும். அந்த வெள்ளைத்தாளைத் தவிர வேறெதிலும் அவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள், உங்கள் வழக்கின் வக்காலத்து உட்பட. வார்டுக்குள் நீங்களும் ஒரு தாளை நீட்டினால் அவர்களுடைய முத்திரைத்தாளைக் குறை சொல்லும் தகுதி போய்விடும்.

நேராகவே சொல்கிறேன், சமரசம் பேசுங்கள். விவாகரத்தைப் பற்றி இப்போது ஒரு சொல்லும் வேண்டாம். பரஸ்பர சம்மத மனு என்று யார் கொண்டுவந்தாலும், அவர் வீடு திரும்பி மருந்தில் நிலைபெறும்வரை ஒத்திவைக்கச் சொல்லுங்கள். சிகிச்சைச் செலவு கணவருடையது, பிரதிநிதி அம்மா, குழந்தையை வாரத்தில் குறித்த நாட்களில் வார்டுக்கு அழைத்துவர வேண்டும், டிஸ்சார்ஜ் ஆன பிறகு அவர் எங்கே தங்குவது என்பதை அவரே சொல்வார், நகைகள் பட்டியலிட்டு இருவருக்கும் பொதுவான பெரியவர் ஒருவர் பொறுப்பில் இருக்கும்: இந்த அளவுக்கு சமரச மையத்தில் எழுதிக்கொண்டாலே பாதி வழக்கு கரைந்துவிடும். கணவரின் வழக்கறிஞருக்கும் அந்த முத்திரைத்தாளின் தேதி உறுத்திக்கொண்டுதான் இருக்கும். ஆகவே அவர்களும் இறங்கி வருவார்கள்.

நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் விடாதீர்கள். என் கட்சிக்காரர் உள்நோயாளியாக இருப்பதால் இப்போது பதிலளிக்க இயலாது, அவருடைய உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வழக்கறிஞர் மூலம் இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியில் நோயின் பெயர் வரக் கூடாது.