நீச்சல் தெரியாத குடும்பம் சிட்னியின் கூஜியில் கடலை அனுபவிக்க முடியுமா?

கேட்டவர் ஜனவரியில் மனைவி, ஏழு வயது மகளுடன் கூஜிக்குக் குடிவருகிறார். வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாதாம். கடலுக்குப் பக்கத்தில் வாடகை கொடுத்துவிட்டுக் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் மிச்சமா என்று கேட்கிறார்.

இல்லை. ஆனால் மணலை மறந்துவிட்டுப் பாறைக்குளங்களுக்குப் போங்கள். பக்கத்து ராண்ட்விக்கில் வசிக்கும் நான் கூஜிக்குப் போவதே அவற்றுக்காகத்தான்.

மணற்கரையை ஏன் ஒதுக்கச் சொல்கிறேன் என்றால், அது பார்வைக்கு மட்டுமே சாது. எதிரே கடலில் வெடிங் கேக் ஐலண்டு என்ற தாழ்ந்த பாறைத்திட்டு கிடக்கிறது. பெரிய அலைகளின் வேகம் அதில் மோதிக் குறைந்துவிடும். அதை நம்பி இறங்குபவர்களைக் கவிழ்ப்பது கரையோரம். அங்கே மணல் சட்டென்று சரிவதால் அலை கடைசி நொடியில் எழும்பி, ஆளைத் தூக்கி மணலிலேயே அறைகிறது. முழங்கால் அளவு நீரில் கழுத்தையும் முதுகெலும்பையும் முறித்துக்கொண்டவர்கள் உண்டு. இறங்கத்தான் வேண்டுமென்றால் உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே இறங்குங்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று புகைப்படம் எடுக்க வேண்டாம்.

குளங்களுக்கு வருவோம். மணற்பாறையைக் குடைந்தும் சிமெண்ட் சுவர் எழுப்பியும் கட்டியவை இவை. நீர் கடல்நீர்தான், நீரேற்றத்தின்போது, அதாவது கடல்மட்டம் உயரும்போது, அலை சுவரைத் தாண்டி உள்ளே விழுந்து நீரைப் புதுப்பிக்கிறது. அதனால் நீங்கள் முதலில் பழக வேண்டியது நீரேற்ற அட்டவணை. ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். வற்றத்தை ஒட்டிப் போனால் குளம் அசையாமல் கிடக்கும். அதே குளத்தில் ஏற்றமும் பெரிய அலையும் சேர்ந்த நாளில் நீச்சல் வீரர்களே இறங்கமாட்டார்கள்.

மகளுக்கு ஏற்றது கடற்கரையின் தென்கோடியில் உள்ள ராஸ் ஜோன்ஸ் குளம். கட்டணம் கிடையாது. கோட்டைக் கொத்தளம் போன்ற சுவர்கள் உள்ள அந்தக் குளத்தை ஒட்டி, சிறுவர்களுக்கென்று சின்னதாக இன்னொன்றும் இருக்கிறது. வடகோடியில் உள்ள ஜைல்ஸ் குளம் அழகானதுதான். ஆனால் அங்கே அலை கேட்காமல் உள்ளே வரும். இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் மனைவிக்கு நான் சொல்வது மெக்கைவர்ஸ் பெண்கள் குளம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் அனுமதி. 1922 முதல் ஒரு பெண்கள் நீச்சல் சங்கம் நடத்துகிறது. நுழைவுக்குச் சில டாலர் போதும். பெண்களுக்கு மட்டும் என்பது பாரபட்சம் என்று ஓர் ஆண் புகார் கொடுக்க, 1995இல் பாரபட்சத் தடைச் சட்டத்திலிருந்து அந்தக் குளத்துக்கு விலக்கே அளித்துவிட்டார்கள். அங்கே பாட்டிமார்கள் வெயில் காய்கிறார்கள், முழு உடல் மறைத்த முஸ்லிம் பெண்கள் நீந்துகிறார்கள். யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் பெண்களில் பலர் நீரில் இறங்கத் தயங்குவதற்கு நீச்சல் தெரியாததைவிட உடை குறித்த கூச்சமே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அதற்குச் சற்றுத் தெற்கே 1907இல் தொடங்கிய வைலிஸ் குளம். இதை அமைத்தவரின் மகள் மினா வைலி இங்கே பயிற்சி பெற்று, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் போட்டியில் வெள்ளி வென்றார். தங்கம் அவருடைய தோழி ஃபேனி டுராக்குக்கு. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நீச்சல் போட்டி நடந்ததே அதுதான் முதல்முறை. குளத்தின் அடி இயற்கையான பாறை. மீனும் கடல்முள்ளெலியும் இருக்கும். உயரமான மரத்தளத்தில் காப்பியோடு உட்கார்ந்தாலே கொடுத்த கட்டணம் தகும். பாண்டை கடற்கரையின் புகழ்பெற்ற குளத்தைவிட எனக்கு இதுவே மேல்.

வற்றத்தின்போது பாறைகளில் மகளை நடக்கவிடுங்கள், பழைய காலணியோடு. சிறு பள்ளங்களில் நத்தைகள், கடல் சாமந்திகள், மணி கோத்தது போன்ற பாசி எல்லாம் தெரியும். பார்க்கலாம், எடுக்கக் கூடாது. பொந்துக்குள் கைவிடவும் கூடாது: நீலவளையப் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான், ஆனால் அதன் விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. வடகிழக்குக் காற்று வீசும் கோடை நாளில் மணலில் நீலப் பைகள் ஒதுங்கியிருந்தால் அவை புளூபாட்டில்கள், ஜெல்லிமீன் போன்ற கொட்டும் உயிர்கள். கொட்டிவிட்டால், அந்த இடத்தைத் தாங்கும் அளவு வெந்நீரில் இருபது நிமிடம் வைக்க வேண்டும்.

சுறா பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கூஜியின் பேர்பெற்ற சுறா 1935இல் இங்கிருந்த மீன் காட்சியகத்தில் மனிதக் கை ஒன்றைக் கக்கியது. ஆராய்ந்தால், அந்தக் கை கத்தியால் வெட்டப்பட்டதாம்! கொலைகாரன் யாரென்று கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை. சுறா மேல் பழி ஏதும் இல்லை.

கடல் வெப்பம் வெயிலைவிடத் தாமதமாக ஏறும். பிப்ரவரியும் மார்ச்சும்தான் நீர் இதமாக இருக்கும் மாதங்கள், ஏறக்குறைய 23 டிகிரி. அதற்குள் மூவரும் பக்கத்து மரூப்ராவில் நகராட்சி நடத்தும் டெஸ் ரென்ஃபோர்டு மையத்தில் நீச்சல் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்கும் சொல்லித்தருகிறார்கள்.