வங்கி ஏலத்தில் வாங்கிய வீட்டுக்குப் பாதை இல்லை என்றால்?

கேள்வி: வங்கியின் இணைய ஏலத்தில் ஒரு மாடி வீட்டை 34 லட்சத்துக்கு எடுத்தோம். ஏலம் முடிந்து 26 நாள் ஆகிறது. முழுப் பணமும் கட்டி, விற்பனைச் சான்றிதழும் வாங்கிவிட்டோம். உள்ளே போய்ப் பெயின்டைச் சுரண்டினால் கூரைக் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுகிறது. அதைவிடப் பெரிய இடி, வாசலுக்குப் போகும் 8 அடிப் பாதை தன்னுடையது என்று பக்கத்து வீட்டுக்காரர் 3 வருடமாக வழக்கு நடத்துகிறாராம். வங்கியும் அதில் ஒரு எதிர்வாதி. மேலாளரோ, "உள்ளது உள்ளபடி என்று போட்டுத்தானே விற்றோம்" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, மதுரை

பதில்: சகோதரி, முதலில் நாள் கணக்கு. கடனுக்கு அடமானமான சொத்தைக் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி விற்க வழி செய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 17-ஆவது பிரிவில் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான் கெடு. அதை ஏலம் நடந்த தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்றுதான் இந்தப் பதிலை உங்களுக்குத் தனியாகவும் அனுப்பிவிட்டேன். தீர்ப்பாயம் மதுரையிலேயே இருக்கிறது. சிவில் கோர்ட்டுக்குப் போனால் அதே சட்டத்தின் 34-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். ஏலத்தில் எடுத்தவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் ஒரு சண்டிகர் வழக்கில் சொல்லியிருப்பதால், நுகர்வோர் மன்றத்தை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

வழக்கறிஞர் ஆவதற்கு முன் நான் 19 வருடம் வங்கியில் இருந்தேன். ஏல அறிவிப்புகளில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வில்லங்கம் என்ற கட்டத்தில் 'எங்களுக்குத் தெரிந்தவரை இல்லை' என்ற வரியை எல்லா வீட்டுக்கும் அப்படியே விட்டுவிடும் பழக்கம் உண்டு. உங்கள் அறிவிப்பிலும் அந்த வரி இருந்தால், அதுதான் உங்கள் பிடி. சம்மன் வாங்கிய வங்கி, தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்த வில்லங்கத்தை அறிவிப்பில் போட வேண்டும் என்பது சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 8(6). வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத குறையை, தெரிந்த விற்பனையாளர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் பிரிவு 55. ஹரியானா நிதிக் கழகம் தனிப் பாதை இல்லாததைச் சொல்லாமல் ஏலம் விட்டது. மீதிப் பணம் கட்ட மறுத்தவரின் முன்பணத்தையும் பறித்துக்கொண்டது. அது செல்லாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகம் அங்கே கழகத்தைக் காப்பாற்றவில்லை. அதனால் ஏலத்தை ரத்து செய்து பணத்தை வட்டியோடு கேளுங்கள்.

கூரை விஷயம் அவ்வளவு வலுவானதல்ல. பார்வையிட நாள் கொடுத்தபோது ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போனீர்களா என்று கேட்பார்கள். ஆனால் விற்பனைக்கு முன் வங்கி மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கியிருக்க வேண்டும். துரு பற்றி அதில் ஒரு வரி இருந்தால் கதையே மாறிவிடும். அந்த அறிக்கையைத் தாக்கல் செய்யச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள். அதுவரை மேற்கொண்டு காரையைத் தட்டாமல், தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வேண்டாம். வழக்கு எண்ணும் வங்கி போட்ட பதில் மனுவின் நகலும் அவரிடம் இருக்கும். இன்றே போய்க் கேளுங்கள்.