குட்டி பிபிஎக்ஸ் பெட்டியைக் கடை சர்வரோடு இணைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். 16 எக்ஸ்டென்ஷனுக்கு, ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பலகையில் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளை ஏற்றிய சின்ன பிபிஎக்ஸ் (கடைக்குள் போன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச்) பெட்டி ஒன்றைக் காட்டுகிறார் விற்பவர். வாடிக்கையாளர் கூப்பிட்டால் போன் திரையில் பெயர் வர வேண்டும். அழைப்புப் பதிவெல்லாம் (யார், எப்போது, எவ்வளவு நேரம் என்ற விவரம்) கணக்கு சர்வரின் மரியாடிபி டேட்டாபேஸில் தானாக ஏற வேண்டும். இரண்டும் முடியும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டும் முடியும். ஆனால் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். டெமோ ஓடும்போது டேட்டாபேஸ் சர்வரின் லேன் கேபிளை உருவிவிட்டு, வெளியிலிருந்து கூப்பிடுங்கள். போன் உடனே அடித்தால் அமைப்பு சரி. பத்து விநாடி நிசப்தத்துக்குப் பிறகு அடித்தால் அந்தப் பெட்டி அப்படியே வேண்டாம். ஆஸ்டரிஸ்கை டேட்டாபேஸோடு சேர்க்கும் ஓடிபிசி இணைப்பு, சர்வர் பதில் தராவிட்டால் வழக்கமாக 10 விநாடி காத்திருக்கும். அந்தப் பத்து விநாடியும் உங்கள் வாடிக்கையாளர் காதில் போனை வைத்தபடி நிற்பார். சர்வர் செத்தாலும் போன் அடித்தாக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெயர் காட்டுவதற்கு ஒவ்வொரு அழைப்பின்போதும் சர்வரைக் கேட்கவே தேவையில்லை. ஆஸ்டரிஸ்குக்குள்ளேயே ஒரு சிறு டேட்டாபேஸ் இருக்கிறது. 10-ஆம் பதிப்பிலிருந்து அது எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ்) கோப்பு. இரவு ஒருமுறை வாடிக்கையாளர் எண்ணையும் பெயரையும் சர்வரிலிருந்து அதற்குள் இறக்கிவிடச் சொல்லுங்கள். சில ஆயிரம் பெயர்கள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இன்று சேர்த்த வாடிக்கையாளரின் பெயர் நாளைதான் தெரியும் என்பது ஒன்றே குறை.

பெயர் வராமல் போவதற்குப் பெரும்பாலும் எண் எழுதியிருக்கும் விதமே காரணம். ஒன்றில் +91, இன்னொன்றில் முன்னால் 0, மூன்றாவதில் நடுவே இடைவெளி. கணக்கு அட்டவணையில் தனியாக ஒரு நெடுவரிசை போட்டு, கடைசி 10 இலக்கத்தை மட்டும் அதில் வைக்க வேண்டும். வரும் அழைப்பிலும் கடைசி 10 இலக்கத்தை மட்டும் ஒப்பிட வேண்டும். எஸ்டிடி கோடோடு சேர்த்தால் தரைவழி எண்ணும் 10 இலக்கம்தான், எனவே அதற்கும் இதே வழி போதும்.

அழைப்புப் பதிவுக்கு வருவோம். விற்பவர்கள் பெரும்பாலும் ஓடிபிசி வழியாக நேரே சர்வரில் எழுத வைப்பார்கள். அந்த நொடியில் சர்வர் இல்லையென்றால் அந்த வரி போனது போனதுதான், ஆஸ்டரிஸ்க் அதை வைத்திருந்து மறுபடி அனுப்பாது. ‘பேட்ச்’ முறையில் சேர்த்து எழுதலாமே என்பார்கள். அதன் வழக்கமான அளவு 100 பதிவு அல்லது 300 விநாடி. அதுவரை எல்லாம் நினைவகத்தில்தான் இருக்கும், அதற்குள் கரண்ட் போனால் அத்தனையும் போய்விடும். இதைவிட நல்ல வழி, பேட்சை அணைத்துவிட்டுப் பெட்டியிலேயே சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த சாதாரண எழுத்து) கோப்பில் எழுதுவது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) புதிய வரிகளைச் சர்வருக்கு ஏற்றட்டும். ஒரே வரி இரண்டு முறை ஏறாமலிருக்க ஆஸ்டரிஸ்க் அழைப்புக்கு இடும் தனி எண்ணையும் (uniqueid) வரிசை எண்ணையும் (sequence) சேர்த்துச் சாவியாக வையுங்கள். தனி எண் மட்டும் போதாது, ஒரே அழைப்புக்கு ஒரே தனி எண்ணில் பல வரிகள் விழுவதுண்டு. சிஎஸ்வியில் இந்த இரண்டும் எழுதப்படுகின்றனவா என்று அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இட அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். நாளுக்கு 500 அழைப்பு என்றால் வருடத்துக்கு 1,82,500 வரி. அது 100 எம்பிகூட வராது. பேச்சை ஒலிப்பதிவு செய்தால்தான் கதை மாறும். வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி பிடிக்கும், ஓயாத எழுத்தில் எஸ்டி கார்டும் சீக்கிரம் தேயும். ஒலிப்பதிவு வேண்டுமானால் யூஎஸ்பி எஸ்எஸ்டி போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கடிகாரத்தையும் மறக்காதீர்கள். பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்து இணையம் வராவிட்டால் பழைய நேரத்திலிருந்தே ஓடும், பதிவிலும் தப்பான நேரம் ஏறும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் சேர்த்துக் கேளுங்கள். பை 5-இல் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும்.

கடைசியாக, பெட்டியின் ரூட் (முழு அதிகாரம் தரும்) பாஸ்வேர்டு உங்கள் கைக்கு வர வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அது இல்லாவிட்டால் சின்ன மாற்றத்துக்கும் விற்றவரையே தேட வேண்டியிருக்கும். சர்வர் பக்கம் பெட்டிக்குத் தனி யூசர் போடுங்கள்: பதிவு அட்டவணையில் எழுதவும், பெயர், எண் இரண்டை மட்டும் படிக்கவும் அனுமதி போதும். மரியாடிபியின் 3306 போர்ட்டை ரூட்டரில் வெளியே திறந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஏற்கெனவே ஓடிபிசி வழியாகத்தான் எழுதுகிறோம். தினமும் காலை முதல் அழைப்பின் பதிவு மட்டும் விழுவதில்லை. ஏன்?

பதில்: மரியாடிபி, 28,800 விநாடி அதாவது 8 மணி நேரம் சும்மா இருக்கும் இணைப்பைத் தானே அறுத்துவிடும். இரவு 9-க்குப் பூட்டிக் காலை 9-க்குத் திறந்தால் 12 மணி நேரம் ஆகிறது. அறுந்தது தெரியாமல் பெட்டி பழைய இணைப்பிலேயே எழுதப் பார்ப்பதால் முதல் வரி தொலைகிறது என்றே கொள்ளலாம். ஆஸ்டரிஸ்கின் ஓடிபிசி அமைப்பில் ‘சானிட்டி எஸ்கியூஎல்’ (sanitysql) என்ற வரியில் ‘செலக்ட் 1’ (select 1) என்று கொடுங்கள், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுதும்.

கேள்வி: எங்கள் லாட்ஜில் பானசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824 ஈபிஏபிஎக்ஸ் (உள் எக்ஸ்சேஞ்ச்) இருக்கிறது. புதிதாக வாங்காமல் பதிவு எடுக்க முடியுமா?

பதில்: முடியும். அதன் ஆர்எஸ்-232 (சீரியல்) போர்ட்டில் எஸ்எம்டிஆர் எனும் அழைப்பு விவரப் பதிவு வரிவரியாக வெளியே வரும். ஒரு யூஎஸ்பி-சீரியல் கேபிளும், எப்போதும் ஓடும் ஒரு சின்ன கம்ப்யூட்டரும் போதும். சீரியல் வேகம் (பாட் ரேட்) இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குப்பை எழுத்துகள்தான் வரும். வரும் அழைப்பின் எண் தெரிய காலர் ஐடி கார்டு தனியாகப் போட்டிருக்க வேண்டும். வெளியே போகும் அழைப்பில், லைனில் போலாரிட்டி ரிவர்சல் (எதிர்முனை எடுத்ததும் லைனின் மின்முனை மாறும் சைகை) இல்லாவிட்டால் எதிர்முனை எடுத்த நேரம் பெட்டிக்குத் தெரியாது, மணி அடித்த நேரமும் பேசிய கணக்கில் சேரும். அதை வைத்து அறைக்குப் பில் போடாதீர்கள்.