1950களில் அமெரிக்காவில் நடந்த கம்யூனிஸ்ட் வேட்டைக்கு மெக்கார்த்தி மட்டும்தான் காரணமா?

இல்லை. செனட்டர் மெக்கார்த்தி 1950 பிப்ரவரியில் அரசுக்குள் கம்யூனிஸ்ட்டுகள் இருக்கிறார்கள் என்று வீலிங் நகரில் பேசி நாடறிந்தவர் ஆவதற்கு முன்பே வேட்டை தொடங்கிவிட்டது. அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்க 1947இல் ஆணையிட்டவர் ஜனநாயகக் கட்சி அதிபர் ட்ரூமன். அதே ஆண்டு, கம்யூனிஸ்ட்டா என்று கேட்ட நாடாளுமன்றக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்த பத்து ஹாலிவுட்காரர்கள் பின்னர் சிறைக்குப் போனார்கள்.

கம்யூனிஸ்ட்டா என்ற கேள்வியோடும் அது நிற்கவில்லை. 1953இல் அதிபர் ஐசன்ஹோவர் பிறப்பித்த 10450ஆம் ஆணை 'பாலியல் பிறழ்வை'யும் பாதுகாப்புக் குறைபாடாகச் சேர்த்தது. தன்பாலீர்ப்பாளர் என்ற சந்தேகத்துக்கே பலர் வேலை இழந்தார்கள். என்னைக் கேட்டால், இதுதான் அதிகம் பேசப்படாத கொடுமை.

மெக்கார்த்தி 1954இல் ராணுவத்தோடு மோதிச் சரிந்தார். அந்த மோதல் பற்றிய செனட் விசாரணையைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. டிசம்பரில் செனட் 67-22 வாக்குகளில் அவரைக் கண்டித்தது. ஐசன்ஹோவரின் ஆணையோ மெக்கார்த்தியின் சரிவுக்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது.