ரெசின் பிடி கத்தி: கேளுங்க, சொல்றேன்

காட்பாடியில சின்னதா ஒரு பட்டறை வச்சிருக்கேன். சாணை பிடிக்கிறது, பிடி மாத்துறது, ரெசின் (ஊத்தினா இறுகிப்போற பிளாஸ்டிக் பசை) ஊத்திப் புதுப் பிடி போடுறது, இதான் வேலை. கண்ணாடி மாதிரி பளபளன்னு, உள்ள நீலமும் பச்சையும் ஓடிக்கிட்டு, சிலதுல மரத்துண்டும் சேர்ந்து இருக்குமே, அந்தப் பிடிதான் ரெசின் பிடி. வாங்குறப்போ எல்லாரும் பிடியைப் பார்த்துதான் வாங்குறாங்க. வீட்டுக்குப் போனதும் வெட்டுற பக்கத்தை மட்டும் கவனிக்கிறாங்க. வந்த கேள்விகளைப் பார்த்தாலே அது தெரியுது.

அண்ணா, வெட்டி முடிச்சதும் பாத்திரத்தோட சேர்த்து சிங்க்ல போட்டுடுவேன். ராத்திரி மொத்தமா கழுவுவேன். தப்பா? (காட்பாடி)

தப்புதாம்மா. என்கிட்ட வர்ற கத்தியில பாதி சிங்க்ல கெட்டதுதான். வெட்டினதும் கையோட கழுவிடுங்க. சாதாரணத் தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு, ஸ்பாஞ்சோட மிருதுவான பக்கம், அவ்வளவு போதும். பச்சையா சொரசொரன்னு இருக்கிற பக்கம் பிடியில பட்டா கீறல் விழும், கம்பி நார் வேணவே வேணாம். கழுவினதும் பருத்தித் துணியால துடைங்க. பிடியும் இரும்பும் சேர்ற இடத்துல விரலைத் துணியோட அழுத்தி ஒரு தடவை இழுங்க, தண்ணி தங்குறது அங்கதான். டிஷ்வாஷர் இருந்தா அதுல போடாதீங்க. சூடும் அதுல போடுற கடுமையான சோப்புப் பொடியும் சேர்ந்தா கொஞ்ச நாள்லயே பிடி மங்கிடும்.

இன்னாண்ணே, மட்டன் வெட்டின கத்தியை கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்தாதானே சுத்தம்? நாங்க பிரியாணி வேலை. (ஆம்பூர்)

தம்பி, உங்க ஊர்லேர்ந்தே ஒரு மாஸ்டர் அப்படி முக்கி முக்கி எடுத்த கத்தி ஒண்ணு இப்ப என் மேஜை மேல கிடக்கு. பிடி ரெண்டு பக்கமும் இரும்பை விட்டு வாயைப் பிளந்துக்கிச்சு.

காரணம் இதுதான். வீட்டுல, பட்டறையில ஊத்துற சாதாரண எபாக்சி ரெசின் 50, 60 டிகிரி சூட்டுலயே இளக ஆரம்பிக்கும். கொதிக்கிற தண்ணி 100 டிகிரி. போதாக்குறைக்கு, சூடு பட்டா ரெசின் இரும்பைவிட நாலஞ்சு மடங்கு அதிகமா விரியும். ஒண்ணு விரிய, ஒண்ணு அப்படியே நிக்க, நடுவுல இருக்கிற ஒட்டு விட்டுப்போகும். ஆறினதும் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு ஒண்ணு நிக்கும். அதுல ரத்தமும் கொழுப்பும் இறங்கினா, நீங்க எதுக்குப் பயந்து முக்கினீங்களோ அதுக்கு நீங்களே குடியிருக்க இடம் கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். சோப்பு போட்டு நல்லா தேச்சுக் கழுவிக் காய வைங்க, போதும். எலும்பு வெட்ட இந்தக் கத்தியைத் தூக்காதீங்க, அதுக்குக் கசாப்புக் கத்தி இருக்கு.

மீனுக்கு மசாலா தடவிட்டு அதே கையோட கத்தியைப் பிடிச்சேன். வெள்ளைப் பிடி மஞ்சளாயிடுச்சு. சோப்பு போட்டா சிவப்பா மாறுது! பயமா இருக்கு சார். (ராணிப்பேட்டை)

பயப்படாதீங்க, அது மஞ்சளோட குணம். சோப்புல சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை இருக்கு, அது பட்டா மஞ்சள் சிவக்கும். ஆரத்தித் தட்டுல சுண்ணாம்பு போட்டா சிவக்குதே, அதே கதைதான். மஞ்சள் நிறம் தண்ணியில சரியா கரையாது, எண்ணெயில கரையும். முதல்ல தேங்காய் எண்ணெய் தடவி பத்து நிமிஷம் விடுங்க, துடைங்க, அப்புறம் சோப்பு. மிச்சம் இருந்தா காலை வெயில்ல அரை மணி நேரம் வைங்க, மஞ்சள் வெளுக்கும். அரை மணின்னா அரை மணிதான். அடுத்த கேள்வியைப் பாருங்க.

கழுவி மொட்டை மாடியில காய வைக்கலாமா? (வேலூர், சத்துவாச்சாரி)

நம்ம ஊர் வெயில்லயா? கத்திரி வெயில்ல மாடித் தரையில கால் வைக்க முடியுதா உங்களால? ரெசினும் அப்படித்தான். வெயில்ல இருக்கிற புற ஊதா கதிர் ரெசினை மெல்ல மெல்ல மஞ்சளாக்கும், அந்த மஞ்சள் எதைத் தேச்சாலும் போகாது. பூட்டின காருக்குள்ள, ஜன்னல் திண்டு மேல, அடுப்புப் பக்கத்துல, எங்கயும் வைக்காதீங்க.

நேதாஜி மார்க்கெட்ல முள்ளு கத்திரிக்காய் வாங்கி நறுக்கினேன். கத்தி கறுத்துப் போச்சு. மட்டமான இரும்பா? (வேலூர்)

இலவம்பாடி கத்திரிக்காயா? 2023ல புவிசார் குறியீடு வாங்கின காய், எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அதை விட்டா வேற இல்ல. கத்தி மேல சந்தேகம் வேணாம். கத்திரிக்காய், வாழைக்காய், வாழைப்பூ, இதுங்கள்ல துவர்ப்பு இருக்கு. அது இரும்போட சேர்ந்தா கறுக்கும். கறுத்துச்சுன்னா உங்களுது கார்பன் ஸ்டீல். ஸ்டெயின்லெஸ்ல குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும், அது லேசுல கறுக்காது.

அந்தக் கறுப்பு ஒரு மெல்லிய போர்வை மாதிரி, துரு பிடிக்கிறதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். நான் என் கத்தியில விட்டுடுவேன். பார்க்கப் பிடிக்கலைன்னா ஆப்ப சோடாவைத் தண்ணி விட்டுக் குழைச்சுத் தேய்ங்க. செந்நிறமா பொடி உதிர்ந்தா அது துரு, அதை விடக்கூடாது, அதுக்கும் இதே சோடாதான். துடைச்சு முடிச்சு இரும்புல மட்டும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்க. சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் நாளாக நாளாகப் பிசுபிசுன்னு ஒட்டும்.

எங்க ஊர்ல தோலுக்கா பஞ்சம்? நல்ல தோல்ல உறை தைச்சு அதுலயே வச்சிருந்தேன். ஒரு மழைக்காலம் போறதுக்குள்ள புள்ளி புள்ளியா துரு. (வாணியம்பாடி)

உறை எடுத்துக்கிட்டுப் போறதுக்குத்தான் பாய், குடி வைக்கிறதுக்கு இல்ல. தோல் ஈரத்தை இழுத்து வச்சுக்கும். பதனிடறப்போ போட்ட உப்போ துவர்ப்போ கொஞ்சம் உள்ளயே நிக்கும். ரெண்டும் சேர்ந்து கத்தியைத் தின்னும். வீட்டுல கத்தியைத் துணியில சுத்தித் தனியா வைங்க.

ஆனா தோலை வீசிடாதீங்க. ஒரு பழைய பெல்ட் துண்டைப் பலகையில ஒட்டி, வாரம் ஒரு தடவை கத்தியை அது மேல பத்துப் பத்துத் தடவை இழுங்க. முதுகு முன்னாடி போகணும், கூர் பின்னாடி வரணும். மாத்தி இழுத்தா பெல்ட்தான் வெட்டுப்படும். இதைச் செஞ்சா சாணைக்கு வர்றது பாதியா குறையும். எனக்கு நஷ்டம்தான், என்ன பண்றது.

தெருவுல சைக்கிள்ல வர்றவர்கிட்ட சாணை பிடிக்கலாமா? (குடியாத்தம்)

நிதானமா, தண்ணி தொட்டுத் தொட்டுப் பிடிச்சா தாராளமா கொடுங்க. பொறி பறக்க ஒரே இடத்துல அழுத்தினா கூர் நீலமாகும். நீலம் வந்த இடத்துல பதம் போச்சுன்னு அர்த்தம், அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிக்காது. அந்தச் சூடு பிடி வரைக்கும் ஏறும்ங்கறதையும் நினைச்சுக்குங்க. வீட்டுலயே செய்யணும்னா 1000 நம்பர் கல் ஒண்ணு போதும், 15லேர்ந்து 20 டிகிரி சாய்ச்சுப் பிடிங்க.

பிடியில இருந்த ஸ்டிக்கர் பசையை நெயில் பாலிஷ் ரிமூவர் வச்சுத் துடைச்சேன், வெள்ளையா படர்ந்துடுச்சு. (ஆற்காடு)

ரிமூவர்ல இருக்கிற அசிட்டோன் பண்ற வேலை. தின்னரும் இதையே பண்ணும். சிலர் ரெசின்னு சொல்லி அக்ரிலிக் பிடி போட்டு விக்கிறாங்க, அதுல சானிடைசர் பட்டாக்கூட மயிர்க்கோடு மாதிரி விரிசல் விடும். பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

படர்ந்ததைச் சரி பண்ணலாம்க்கா. முதல்ல வெட்டுற பக்கத்தை அட்டை வச்சு டேப் சுத்துங்க, இதை மறக்காதீங்க. தண்ணித் தாள் (நனைச்சுத் தேய்க்கிற உப்புத்தாள்) 800, 1000, 1500, 2000 நம்பர் வரிசையா, தண்ணி விட்டே தேய்ங்க. ஒரு நம்பரோட கோடு முழுசா மறைஞ்சப்புறம்தான் அடுத்த நம்பர். கடைசியில கார் பாலிஷ் தொட்டு மெல்லிய துணியால தேச்சு, சோப்பு போட்டுக் கழுவிடுங்க. காய்ஞ்ச தூளா பறக்க விட்டுத் தேய்க்காதீங்க, நெஞ்சுக்கு ஆகாது.

பிடி ஓரத்துலேர்ந்து கறுப்பா தண்ணி கசியுது. (திருவலம்)

உள்ள துரு பிடிச்சாச்சு. பிடி ஆடுதா பாருங்க. ஆடினா நறுக்கிறதை இன்னைக்கே நிறுத்திட்டுக் கொண்டு வாங்க, வழியில கை வெட்டிக்காம அட்டையில சுத்தி. ஆடலைன்னா நிழல்ல ரெண்டு மூணு நாள் ஃபேன் காத்துல நல்லா காய விட்டு, இடுக்குல எபாக்சி விட்டு அடைக்கலாம். ஈரத்தோட அடைச்சா துருவை உள்ள வச்சுப் பூட்டின மாதிரி.

டமாஸ்கஸ் கத்தின்னு வாங்கினேன், தேய்க்கத் தேய்க்க அலை அலையா இருந்த கோடு போயிடுச்சு. (பேரணாம்பட்டு)

மேலாக லேசர்ல வரைஞ்ச கோடா இருக்கும். நிஜமாவே ரெண்டு வகை எஃகை அடுக்கி அடிச்சதா இருந்தா, மங்கினாலும் அமிலத்துல முக்கினா திரும்ப வரும். பழைய டமாஸ்கஸ் வாளுக்கு எஃகுக் கட்டி போனது நம்ம தென்னாட்டுலேர்ந்துதான். அந்தப் பேரை வச்சு நம்மகிட்டயே ஸ்டிக்கர் விக்கிறாங்க!

தம்பி, அருவாமனைக்கு ரெசின் பிடி போட்டுத் தருவியா? (அணைக்கட்டு)

பெரியம்மா, அருவாமனைக்குப் பிடி ஏது? பலகையில வேணா ஊத்தித் தரேன். பளபளன்னுதான் இருக்கும், ஆனா நீங்க கால் வச்சு அழுத்துறப்போ வழுக்கும். பலகையைக் கொண்டு வாங்க, கால் வைக்கிற இடத்தை மட்டும் மரமாவே விட்டுடலாம்.