களிம்பும் வெண்கலமும்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். காய்ச்சலில் கிடப்பவளின் வாயில் ‘மெற்றாலிக்’ ருசி என்று ஓரிடத்திலும், தொலைபேசியில் ‘மெற்றாலிக்’ குரல் என்று இன்னோரிடத்திலும் வருகிறது. இரண்டுக்கும் ‘உலோகத்தன்மையான’ என்று போட்டேன். விஞ்ஞானப் பாடம் மாதிரி இருக்கிறது. இந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? தமிழில் எப்படி எழுதலாம்?

வாசகி, சாவகச்சேரி

அன்புள்ள தங்கச்சி,

கிரேக்கத்தில் ‘மெற்றல்லோன்’ என்றால் சுரங்கம். பிறகு சுரங்கத்தில் எடுத்த பொருளுக்கும் அதுவே பெயராகி, லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பதக்கத்தைக் குறிக்கும் ‘மெடல்’ அதற்கு உறவு. மனத்திடத்தைக் குறிக்கும் ‘மெற்றில்’ அதே சொல்தான், எழுத்துக்கூட்டல் மாறிப் பிரிந்துபோனது.

தமிழில் பொன் என்பது தங்கம் மட்டுமல்ல, எல்லா உலோகத்துக்கும் பொதுப்பெயராகவும் இருந்தது. இரும்பைக் கரும்பொன் என்றார்கள், வெள்ளியை வெண்பொன் என்றார்கள். ஐம்பொன் சிலை என்று இன்றைக்கும் சொல்கிறோம். உலோகம் வடமொழியிலிருந்து வந்தது. பாடப்புத்தகத்துக்கு அது சரி, கதையில் ஒட்டாது. பேச்சில் நாங்கள் எந்த உலோகமென்று பேர் சொல்லித்தான் பேசுவோம்: வெண்கலக் குரல், இரும்பு நெஞ்சு.

ருசிக்கு ‘களிம்பு’ இருக்கிறது. பூசும் மருந்தல்ல, செம்பிலும் பித்தளையிலும் பிடிக்கும் பச்சைக் கறை. ஈயம் பூசாத பித்தளைச் சட்டியில் புளிக்கறியை வைத்துவிட்டால் களிம்பேறி, நாக்கின் அடியில் துவர்ப்பும் கசப்புமாக ஒன்று நிற்கும். அதுதான் அந்த நோயாளியின் வாய். சைவ சித்தாந்தத்தில் ஆணவமலத்துக்கு, அதாவது உயிரைப் பற்றியிருக்கும் அறியாமை அழுக்குக்கு, செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள். எங்கள் ஊரில் சமயபாடம் படித்தவர்களுக்கு இது தெரிந்த சொல். ‘வாயெல்லாம் களிம்பு’ என்று எழுதுங்கள், போதும்.

மணமென்றால் வேறு கதை. கிணற்றுச் சங்கிலியை இழுத்த கையில் வருவது இரும்பின் மணமல்ல. எங்கள் தோலின் எண்ணெய்ப்பசை இரும்போடு சேர்ந்து சிதைவதால் வருவது. அதற்குக் களிம்பு பொருந்தாது, ‘இரும்பு மணம்’ என்றே எழுதலாம்.

குரலில்தான் கவனம் வேண்டும். வெண்கலக் குரல் என்பது பாராட்டு, கோயில் மணிபோலக் கணீரென்று நின்று ஒலிப்பது. தொலைபேசியில் வருவது மெலிந்து கரகரக்கும் குரல். அங்கே ‘தகரக் குரல்’ என்று போடுங்கள்.

கதையில் கார் வந்து, அதன் மினுங்கும் பூச்சைச் சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் ‘மெற்றாலிக்’ என்றே விட்டுவிடுங்கள். கராச்சில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.